கேமிலிருந்து வந்த நாவல், காமிக்ஸ்: கிறிஸ்தவ வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

வாலிபர் கூட்டத்திலும் சண்டே ஸ்கூலிலும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி நீட்டும், வீடியோ கேம்களிலிருந்து வந்த புத்தகங்கள் இவை. மைன்கிராஃப்ட் நாவல், ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ், போக்கிமான் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), ஹேலோ, அசாசின்ஸ் க்ரீட். "பையன் கேட்கிறான், கொடுக்கலாமா?" என்பதுதான் கேள்வி. அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் சிலர் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் "புத்தகம்தானே, போனைவிடப் பரவாயில்லை" என்று கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முடிவைக் கடைசிக்குத் தள்ளியிருப்பதற்குக் காரணம் உண்டு. முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் படிக்கிறவர் தனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும்தான் கண்டுபிடிப்பார்.

1. முதலில் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

புத்தகம் கையில் இருக்க வேண்டும். வாங்க மனமில்லை என்றால் மின்னூல் கடைகளில் கிடைக்கும் இலவச மாதிரி அத்தியாயத்தை இறக்கிக்கொள்ளலாம், அல்லது பிள்ளையின் நண்பனிடம் இரவல் வாங்கலாம். மாதிரியில் ஆரம்பப் பக்கங்கள் மட்டும்தான் வரும், எனவே அதை வைத்து "வேண்டாம்" என்று சொல்ல முடியுமே தவிர "சரி" என்று சொல்ல முடியாது.

அப்புறம், யாருக்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். "பிள்ளைகளுக்கு நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பத்து வயது மகளுக்கா, பதினாறு வயது மகனுக்கா, சபைக்குப் புதிதாக வந்திருக்கும் வாலிபனுக்கா என்பதைப் பொறுத்து ஒரே புத்தகத்துக்கு மூன்று பதில் வரும்.

வீட்டில் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிக்கொள்வது முக்கியம். அப்பா சரி என்று கொடுத்ததை அம்மா மறுநாள் எடுத்து ஒளித்து வைத்தால், பிள்ளை கற்றுக்கொள்வது யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்பதை மட்டுமே.

2. கேமை வைத்துப் புத்தகத்தை எடை போடாதீர்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கேமுக்கு அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவில் பெகி என்று வயது ரேட்டிங் தரும் அமைப்புகள் உண்டு. அவை கேமை மட்டும்தான் பார்க்கின்றன. அதே பெயரில் வரும் நாவலுக்கு அந்த ரேட்டிங் பொருந்தாது, பெரும்பாலான நாவல்களின் அட்டையில் எந்த ரேட்டிங்கும் இருக்காது.

எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு இரண்டு உதாரணம். டூம் கேமைப் பற்றி 1993 முதலே கிறிஸ்தவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள், திரை முழுக்க நரகமும் பிசாசுகளும்தான். ஆனால் 1995இல் வெளிவரத் தொடங்கிய டூம் நாவல்களில் அந்தப் பிசாசுகள் பிசாசுகளே அல்ல. மனிதரைப் பயமுறுத்துவதற்காக வேற்றுக்கிரகவாசிகள் அந்த உருவத்தில் தயாரித்த உயிரினங்கள். இரண்டாவது நாவலில் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த மார்மன் என்ற மதப்பிரிவினர் எதிர்த்துப் போராடுகிறார்கள், மத நம்பிக்கையைப் பற்றிய பேச்சு வெளிப்படையாகவே வருகிறது. மார்மன் போதனையை நாம் ஏற்பதில்லை, ரத்தமும் அந்தப் புத்தகங்களில் ஏராளம், சிறுவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். ஆனால் "சாத்தான் புத்தகம்" என்று சொல்லித் தள்ளுவது பொய்யான காரணம். பொய்யான காரணத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான காரணத்தையும் நம்ப மாட்டான்.

இன்னொன்று நேர் எதிர். இன்ஜஸ்டிஸ் என்பது சூப்பர்மேன், பேட்மேன் மோதும் சண்டை கேம், அமெரிக்க ரேட்டிங்கில் 13 வயதுக்கு மேல். அதையொட்டி டிசி காமிக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிடத் தொடங்கிய காமிக்ஸில் வில்லன் ஜோக்கரின் சூழ்ச்சியால் சூப்பர்மேன் கர்ப்பிணியான தன் மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான், அவளுடைய இதயத்துடிப்பு நின்றதும் ஒரு நகரமே அணுகுண்டில் அழிகிறது, பிறகு அவன் ஜோக்கரைக் கொல்கிறான். இதெல்லாம் கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். அட்டையில் சூப்பர்மேனைப் பார்த்துவிட்டு எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பதிப்பகத்தின் பெயரை நம்புவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான பதிப்பகம் என்றால் வயதுக்கேற்ற நடையில் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு விசுவாசத்துக்கு ஏற்றதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

3. தொடரில் இது எந்த இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான கேம் நாவல்கள் தொடராக வருகின்றன, முதல் பாகமும் ஐந்தாம் பாகமும் வேறு வேறு ஆசிரியர்கள் எழுதியதாக இருக்கலாம். ஹேலோவின் முதல் நாவல் 2001இல் எரிக் நைலண்ட் எழுதியது, பெரும்பாலும் ராணுவக் கதை. பத்து ஆண்டுகள் கழித்து கிரெக் பேர் எழுதிய மூன்று நாவல்கள் அண்டத்தில் உயிர்களை உண்டாக்கிய பழைய இனங்களைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்றைப் படித்துவிட்டு "ஹேலோ பரவாயில்லை" என்று மொத்தமாக அனுமதிக்க முடியாது.

சில சமயம் வரிசையே தலைகீழாக இருக்கும். விட்சர் கேமாக 2007இல் வந்தது, ஆனால் அது போலந்து எழுத்தாளர் ஒருவர் 1980களிலிருந்து பெரியவர்களுக்காக எழுதிய கதைகளிலிருந்து எடுத்தது. கடையில் அவையும் கேம் நாவல்களும் ஒரே அலமாரியில் இருக்கும். முன்னட்டையில் கேமின் படம் இருந்தாலும் உள்ளே இருப்பது மூலக் கதை.

4. மூன்று இடங்களில் படியுங்கள்; காமிக்ஸ் என்றால் முழுக்கப் புரட்டுங்கள்

முழு நாவலையும் படிக்க முடிந்தால் நல்லது. நேரமில்லாதவர்கள் முதல் இரண்டு அத்தியாயம், நடுவில் ஓர் அத்தியாயம், கடைசி இரண்டு அத்தியாயம் என்று படிக்கலாம். முதலில் படிப்பது நாயகனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள. நடுவில் படிப்பது, அதை அடைய அவன் என்னவெல்லாம் செய்யத் துணிகிறான் என்று பார்க்க. கடைசியைத் தவிர்க்கவே கூடாது, கதை எதைச் சரி என்று சொல்லி முடிக்கிறது என்பது அங்கேதான் தெரியும். ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸின் முதல் நாவலில் கொலைகாரன் போட்டிருக்கும் இயந்திர உடையே அவன் உடம்பைக் குத்தி மூடிக்கொள்ளும் காட்சி முடிவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாதிரி அத்தியாயத்தை மட்டும் பார்த்தால், பழைய நண்பர்கள் ஊர் திரும்புகிற கதை போலத்தான் தெரியும்.

காமிக்ஸுக்கு இந்த முறை போதாது. படம் ஒரு நொடியில் மனதுக்குள் போய்விடும், வாக்கியத்தைத் தாண்டிப் போகிற பிள்ளை படத்தைத் தாண்ட மாட்டான். எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள், அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது. டிவியில் வரும் போக்கிமான் போலத்தான் மங்காவும் இருக்கும் என்று நினைப்பவர்கள், முதல் தொகுதியிலேயே ஒரு பாம்புப் போக்கிமான் இரண்டாக வெட்டப்படும் இடத்தையும், கல்லறைக் கோபுரத்தில் செத்த போக்கிமான்கள் எழுந்து நடக்கும் இடத்தையும் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். சோனிக் காமிக்ஸ் பெரும்பாலும் கவலையில்லாமல் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம், ஆனாலும் 2019இல் வந்த உலோக வைரஸ் கதையில் நண்பர்கள் ஒவ்வொருவராக உணர்விழந்த உலோகப் பிறவிகளாக மாறுவது சின்னப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது.

5. நம்முடைய சொற்கள் வேறு அர்த்தத்தில் வருகின்றனவா என்று பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தையையும் ரத்தத்தையும் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். தேவதூதன், ஏதேன், தீர்க்கதரிசி, பேழை என்று நம் வேதாகமச் சொற்கள் வேறு கதைக்குள் போய் உட்கார்ந்திருப்பதை விசுவாசிகள்தான் கவனிக்க முடியும். ஒரு தாளில் அந்தச் சொற்களை எழுதி, பக்கத்தில் "இந்தக் கதையில் இது என்ன?" என்று குறித்துக்கொண்டே போங்கள்.

டயாப்ளோ என்ற கேமையொட்டிய சின் வார் நாவல்கள் மூன்றும் 2006, 2007இல் வந்தவை. அவற்றில் மனிதர் வாழும் உலகத்தை உண்டாக்கியவர்கள் கலகம் செய்த ஒரு தேவதூதனும் ஒரு பிசாசும். மனிதர் அந்த இரு கூட்டத்தாரின் வாரிசுகள். அந்தத் தூதனே தீர்க்கதரிசி வேடத்தில் ஒரு மதத்தை நடத்துகிறான். பரலோகமும் நரகமும் இரண்டு ராணுவங்கள் மட்டும்தான், இரண்டுமே மனிதனுக்கு எதிரி. நன்மைக்கும் தீமைக்கும் மேலே உட்கார்ந்து நியாயந்தீர்க்கும் கர்த்தர் அங்கே இல்லை. வேதாகமத்தை நன்றாகப் படித்த பதினெட்டு வயதுக்காரருக்கு இது வேறு உலகத்துக் கதை. ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரத்தை இன்னும் சரியாகப் படிக்காத பிள்ளைக்கு இது முதல் பாடமாகிவிடும், பிறகு அதை அழித்து எழுதுவது கஷ்டம்.

அசாசின்ஸ் க்ரீட் இன்னும் நுணுக்கமானது. 2009இல் வந்த முதல் நாவல் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தில் நடக்கிறது, வில்லன் ரோட்ரிகோ போர்ஜியா. அவர் 1492இல் ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் போப் ஆனது வரலாறு. அதைக் காட்டுவதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை, சபையின் பாவங்களைச் சபையே பேச வேண்டும். கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் தொடரின் கதைப்படி மனிதரை உருவாக்கியது ஒரு பழைய நாகரிகம், ஏதேனின் கனி என்பது அவர்கள் மனிதர் மனதை அடக்கிவைக்கச் செய்த கருவி, ஆதாமும் ஏவாளும் அதைத் திருடிக்கொண்டு ஓடிய அடிமைகள். அதாவது ஆதியாகமம் 3இல் வீழ்ச்சியாக இருப்பது இங்கே விடுதலை.

இந்தத் தொடரின் நாயகர்களான அசாசின் கூட்டத்தாரின் வாசகத்தையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: எதுவும் உண்மையில்லை, எல்லாமே அனுமதிக்கப்பட்டதுதான். பவுல் 1 கொரிந்தியர் 10:23இல் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது." பாதி வழி இரண்டும் ஒன்றுபோலவே போகின்றன. "ஆகிலும்" என்ற இடத்தில் பவுல் பிறனைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். நியாயமாகச் சொன்னால், கேம் தொடரிலேயே நாயகன் பின்னாளில் அந்த வாசகத்தை விளக்கும்போது, நம் செயல்களின் விளைவை நாமே சுமக்க வேண்டும் என்றுதான் சொல்கிறான். இதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை மறைத்துவிட்டுப் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

ஹேலோவில் கவனன்ட் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் கூட்டணிக்கு ஒரு மதம் உண்டு. விண்வெளியில் இருக்கும் பழைய வளையங்களை இயக்கினால் தாங்கள் தெய்வநிலை அடைவோம் என்று நம்புகிறார்கள், உண்மையில் அவை எல்லா உயிரையும் அழிக்கும் ஆயுதங்கள். "மதத்தையே கேலி செய்கிறது" என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அது விக்கிரகத்தை நம்பி ஏமாறுகிறவர்களின் கதையாகத்தான் படுகிறது, ஏசாயா 44ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் பேசலாம்.

6. மந்திரம், ஆவி, தேவதைகள்

மந்திரம் என்ற சொல் வந்தாலே மூடிவிடுபவர்களுக்கும், "கதைதானே" என்று சிரிப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கதையில் மந்திரம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வாசகர் செய்து பார்க்கக்கூடிய முறையாக வருகிறதா, இறந்தவரிடம் பேசுவது ஆறுதல் தரும் வழியாகக் காட்டப்படுகிறதா, அல்லது கதாபாத்திரத்தின் கையில் இருக்கும் இன்னொரு ஆயுதமாக மட்டும் இருக்கிறதா? உபாகமம் 18 "செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்" வரை பட்டியலிட்டு விலக்குகிறது, அதில் பேச்சுக்கே இடமில்லை. அதே வேதாகமம் 1 சாமுவேல் 28இல் சவுல் எந்தோருக்குப் போன இரவை விவரமாகச் சொல்லவும் செய்கிறது. ஒரு பாவத்தைக் கதையாகச் சொல்வது ஒன்று, அதற்கு அழைப்பது இன்னொன்று.

ஃபைவ் நைட்ஸ் கதைகளில் கொலையான பிள்ளைகளின் ஆவிகள் பொம்மை இயந்திரங்களுக்குள் இருக்கின்றன. மரித்தவர்களின் ஆத்துமா இப்படிப் பூமியில் அலையும் என்று நாம் நம்புவதில்லை. ஆனால் நம் ஊர்களில் பேய்க் கதை கேட்டு வளராத பிள்ளை அபூர்வம், இரவில் தனியாகக் குளியலறைக்குப் போகப் பயப்படும் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் தேவையே இல்லை. ஸெல்டா மங்காவில் உலகை உண்டாக்கிய மூன்று தேவிகள் வருகிறார்கள். நிஜ உலகில் அவர்களை யாரும் வணங்குவதில்லை, எனவே பெரிய பிள்ளைகளுக்கு நான் தடை சொல்வதில்லை. வேறு வழிபாட்டிலிருந்து அண்மையில் வந்த குடும்பமாக இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

7. வன்முறைக்குக் கதை என்ன விலை வைக்கிறது?

கொலைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அப்படி எண்ணினால் நியாயாதிபதிகள் புத்தகத்தையே கொடுக்க முடியாது. கொன்றவனுக்கு அதன் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். கேமில் சுட்ட எதிரி மறைந்துவிடுவான், ஆட்டம் தொடரும். நாவல் சுட்டவனின் மனதுக்குள் போக வேண்டியிருக்கிறது. அங்கே குற்ற உணர்வு இருக்கிறதா, ருசி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வார்கிராஃப்ட் நாவல்களில் 2009இல் கிறிஸ்டி கோல்டன் எழுதிய ஆர்தாஸ் கதையை, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களோடு சேர்ந்து படிக்கத் தக்கது என்று சொல்வேன். ஆர்தாஸ் நல்ல இளவரசன், ஜனத்தை நேசிக்கிறவன். கொள்ளைநோய் கலந்த தானியத்தைத் தின்ற ஒரு நகரத்து மக்கள் பிணங்களாக எழப் போகிறார்கள் என்று தெரிந்து, எழுவதற்கு முன்பே அவர்களை வெட்டச் சொல்கிறான். அவனைப் பயிற்றுவித்த மூத்த வீரர் மறுக்கிறார், அவன் நேசித்த பெண் விலகிப் போகிறாள். அவன் நிற்கவில்லை. அடுத்து ஒரு சபிக்கப்பட்ட வாளை எடுக்கிறான், அதுவும் ஜனத்தைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொள்கிறான். கடைசியில் சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கும் தன் தகப்பனையே கொல்கிறான். ஒவ்வொரு படியிலும் அவனிடம் நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. 1 சாமுவேல் 15இல் சவுல் ஆடுமாடுகளைத் தப்பவிட்டதற்குச் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் படித்தால் வாலிபர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

ஹேலோவின் முதல் நாவலிலும் துப்பாக்கிச் சண்டையைவிடக் கனமான இடம் ஆரம்பத்தில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் 75 பேரை அரசாங்கம் ரகசியமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்வீரர்களாக வளர்க்கிறது, வீட்டாருக்குத் தெரியாமலிருக்க நகல் பிள்ளைகளை அங்கே வைத்துவிட்டு. மனிதகுலத்தைக் காப்பாற்ற என்றால் இது சரியா? நாயகனைப் பிடித்துப்போன பிள்ளை, அவனைத் திருடியவர்களையும் சரி என்று சொல்லிவிடுகிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

8. படிக்கப் போகிறவரின் மனச்சாட்சி

இப்போது முதலில் எழுதி வைத்த பெயருக்குத் திரும்புங்கள். 1 கொரிந்தியர் 8இல் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் பவுல், விக்கிரகம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் பலவீனனான சகோதரனுக்கு அது இடறலாகக் கூடாது என்கிறார். உங்களுக்கு ஒன்றுமில்லாதது அடுத்தவருக்குப் பாரமாகலாம். அதனால்தான் சபை நூலகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் வீட்டுக்கு இன்னொன்றும் இருப்பதில் தவறில்லை. வீட்டில் மகனோடு படிக்கும் புத்தகத்தைச் சண்டே ஸ்கூல் அலமாரியில் வைக்காதீர்கள், அங்கே யார் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

9. இப்போது முடிவு செய்யுங்கள்

ஆம், இல்லை என்ற இரண்டு பதில் மட்டும் வைத்துக்கொண்டால் சிக்கிக்கொள்வீர்கள். "சேர்ந்து படிக்கலாம்", "இரண்டு வருஷம் கழித்து" என்பவையும் பதில்கள்தான், உண்மையில் அதிகம் பயன்படுபவையும் அவைதான். மறுக்கும்போது பக்கத்தைத் திறந்து காட்டிக் காரணம் சொல்லுங்கள். "கழித்து" என்று சொன்னால் நாட்காட்டியில் குறித்து வைத்து, அந்த நாளில் நீங்களாகவே எடுத்துப் பேசுங்கள்.

இணையத்தில் பிளக்ட் இன், காமன் சென்ஸ் மீடியா போன்ற தளங்களின் விமர்சனங்களைப் பார்ப்பதாக இருந்தால் இந்த இடத்தில் பாருங்கள், உங்கள் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இருந்தால் தெரியும். முதலிலேயே பார்த்துவிட்டால் அவர்கள் கண்ணால்தான் படிப்பீர்கள்.

10. படித்து முடித்ததும் பேசுங்கள்

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: இவன் யாரை நம்பினான்? எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம்? நீயாக இருந்தால்? பாதுகாப்பான புத்தகங்களுக்கும் இதைச் செய்யுங்கள். 2017இல் மாக்ஸ் புரூக்ஸ் எழுதிய மைன்கிராஃப்ட் நாவலில் நாயகன் யாருமற்ற தீவில் ஒதுங்கி, தவறி விழுந்து, பொறுமையாகக் கற்றுக்கொண்டு பிழைக்கிறான். ஆபாசமில்லை, சின்ன வயதிலேயே கொடுக்கலாம். ஆனால் அவன் தன் புத்தியை மட்டுமே நம்புகிறான், மனம்விட்டுப் பேசுவது ஒரு மாட்டிடம். "நீ அந்தத் தீவில் இருந்தால் யாரிடம் பேசியிருப்பாய்?" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ஜெபத்தைப் பற்றி நீங்கள் தயாரித்து வைத்திருந்த பாடத்தைவிட நல்ல உரையாடல் நடக்கும்.

அடுத்த பாகம் வந்தால் மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, சொற்களை எழுதும் தாளை அவன் கையிலேயே கொடுங்கள்.